வட்டம் போடாத கறை

அந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் இரண்டு குடும்பங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வரும். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, மருதையாற்றங்கரையில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர். டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். கம்பவுண்டர் சாமிக்கண்ணு மட்டும் பதினோரு வருஷமாக அதே முக்காலியில் உட்கார்ந்து அதே மிக்ஸ்சரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

சாமிக்கண்ணுவுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "எப்படி?" என்று கேட்பார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்தபோது, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஏறியது. இவர் மட்டும் பின்னால் போய் அந்தக் கரி அடுப்பை எட்டிப் பார்த்து, புருவத்தைப் பொசுக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் மனைவி உண்ணாமலை ஒரு வாரம் அந்தப் புருவத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

இன்னொன்றும் உண்டு, அது அவருடைய பெருமை. சுற்றுப்பட்டில் எங்கே வெட்டுக்குத்து நடந்தாலும், விஷம் என்று சந்தேகம் வந்தாலும், மெட்ராஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டிய சாமான் இவர் கைக்குத்தான் வரும். துணியை நிழலில் உலர்த்தி, பழுப்புக் காகிதத்தில் மடித்து, காடாத்துணியில் வைத்துத் தைத்து, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு வைப்பார். அதற்கு முன் கறை இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். எங்கே பார்க்கவேண்டும் என்று மெட்ராஸ்காரனுக்குத் தெரியவேண்டாமா? கூடப் போகும் கடிதத்தையும் இவரே எழுதுவார். டாக்டர் கையெழுத்துப் போடுவார், மாஜிஸ்திரேட் முத்திரை வைப்பார்.

இந்தக் கதை நடப்பதற்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் சிறுவாச்சூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் கொலைக் கேஸில் சிக்கினான். அவன் துண்டில் ரத்தம் இருப்பதாக மெட்ராஸிலிருந்து எழுதி வந்தது. அவனுக்கு ஆயுள் தண்டனை. அந்தத் துண்டுக்கு வட்டம் போட்டது சாமிக்கண்ணு. டீக்கடையில் யாராவது கிடைத்தால், "நாம போட்ட வட்டத்துல மாட்டுனவன்யா அவன்" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்பவர்கள் டீ ஆறும்வரை கேட்பார்கள்.

நாற்பத்தைந்தாம் வருஷம் தை மாசம், அமிர்தலிங்கம் என்ற விவசாயி ஆற்றுச் சரிவில் மண்டை பிளந்து கிடந்தார். துணி வெளுப்பவர்கள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கு இறங்குகிற பாதை அது. உடம்பு கிடந்த இடத்திலிருந்து இருபது அடியில், கருவேல முள்ளில் ஒரு பழைய வேட்டி சிக்கிக் கிடந்தது. வேட்டியில் திட்டுத் திட்டாக ரத்தம். பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கதையைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அடித்தவன் கையைத் துடைத்து வீசிவிட்டு ஓடியிருக்கிறான்.

சப்-இன்ஸ்பெக்டர் செல்வநாதன் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர். நேர்மையான மனிதர், ஆனால் அவசரக்காரர். வேட்டியின் ஓரத்தைத் திருப்பினார். சேங்கொட்டைச் சாற்றில் மூன்று புள்ளியும் கீழே ஒரு வளைவும் போட்டிருந்தது. எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காக வெளுப்பவர்கள் போடும் குறி அது. எத்தனை தரம் வெளுத்தாலும் போகாது. ஊருக்குத் துணி வெளுக்கும் குழந்தைவேலுவை ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தார்கள்.

"இது யாரு குறி?"

"எங்க குறிதானுங்க, சாமி. பழனிவேலு ஐயா வூட்டுக் குறி."

போதாதா? பழனிவேலுக்கும் செத்துப்போன அமிர்தலிங்கத்துக்கும் ஒரே கிணறு, ஆளுக்கு ஒரு நாள் முறை. முதல் நாள்தான் முறை தவறிய தகராறில் பழனிவேல் கடைத்தெருவில் நின்று, "உன்னைய மண்ணுல சாய்க்காம விடமாட்டேண்டா" என்று கத்தியிருந்தார். ஊரே கேட்டது. பழனிவேலோ, "அந்த வேட்டி வெளுக்கப் போட்டது. இன்னும் திரும்பி வரல" என்றார். குழந்தைவேலுவைக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "குடுத்துட்டனுங்க" என்றான். பழனிவேலை அரியலூர் சப்-ஜெயிலில் அடைத்தார்கள்.

வேட்டி சாமிக்கண்ணுவிடம் வந்தது. மேஜைமேல் விரித்துப் பார்த்தார். ரத்தக் கறை மூன்று இடத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. மூன்றுக்கும் வட்டம் போட்டார். இன்னொரு ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பும் பச்சையுமாக வேறு ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அவருடைய வியாதி தலைதூக்கியது.

"சார், இது என்னங்க? ரத்தமில்லியே?"

செல்வநாதன் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். "ஆத்தங்கரையில கெடந்த துணிய்யா. சேறு, சாணி, என்னமோ. ரத்தம் இருக்கா, மனுஷ ரத்தமா, இது ரெண்டத்தான் கேக்கணும். அதைக் கட்டு மொதல்ல."

சாமிக்கண்ணு கட்டினார். நாலாவது கறைக்கு வட்டம் போடவில்லை.

பதில் வர மூன்று மாசம் ஆனது. மனுஷ ரத்தமா என்று பார்ப்பது கல்கத்தாவில்தான், மெட்ராஸிலிருந்து அங்கே போய்த் திரும்பியிருந்தது. வட்டமிட்ட மூன்று இடத்திலும் இருப்பது மனித ரத்தம்.

சாமிக்கண்ணுவுக்குத் தூக்கம் போயிற்று. ரத்தம் என்று தெரிவது சரி. மனுஷ ரத்தம் என்று எப்படித் தெரியும்? ஆட்டு ரத்தமும் சிவப்பு, மனுஷ ரத்தமும் சிவப்பு. டாக்டரை மூன்று நாள் விடாமல் பிடித்தார். கடைசியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். ஒரு முயலுக்கு மனுஷ ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போடுவார்களாம். சில வாரம் கழித்து அந்த முயலின் ரத்தத்திலிருந்து தெளிநீர் எடுப்பார்களாம். கறையை ஊறவைத்த தண்ணீரில் அதைச் சேர்த்தால், மனுஷ ரத்தமாக இருந்தால் மட்டும் கலங்கும். ஆட்டு ரத்தமாக இருந்தால் தெளிந்தபடியே நிற்கும்.

"முயல் சொல்லுதுங்களா?" என்றார் சாமிக்கண்ணு.

"முயல் சொல்லுது, போ."

ஆசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு டீக்கடையில் முயல் கதைதான். பழனிவேல் தூக்கில் தொங்குவார் என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லியாயிற்று. அடுத்த வாரம் அரியலூர் மாஜிஸ்திரேட் விசாரித்து, முகாந்திரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் கேஸ் திருச்சி செஷன்ஸுக்குப் போய்விடும். வேட்டியில் மனுஷ ரத்தம், ஓரத்தில் அவர் வீட்டுக் குறி, கடைத்தெருவில் கத்திய வார்த்தை. திருச்சிக்குப் போனால் தப்புவது கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தார். சித்திரை வெயில் இன்னும் இறங்கவில்லை. உண்ணாமலை கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு விலக்கான மூன்று நாள். தையில் பிறந்த கைக்குழந்தை பக்கத்தில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. சாமிக்கண்ணு முயலைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். அவள் கட்டியிருந்தது நீலத்தில் சிவப்புக் கட்டம் போட்ட புடவை. அப்படி ஒரு புடவையை அவர் வாங்கித் தந்ததில்லை. ஆனால் எங்கேயோ பார்த்த புடவை. போன மாசம் குழந்தைக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாளே சப்-இன்ஸ்பெக்டர் சம்சாரம், அவள் கட்டியிருந்த புடவை!

"இது யாரு பொடவை?"

"யாருக்குத் தெரியும்? மாத்துப் பொடவை. கலியம்மா குடுத்தா."

கலியம்மாள் குழந்தைவேலுவின் மனைவி. வீடு வீடாக அழுக்குத் துணி எடுப்பதும், வெளுத்துக் கொண்டுவந்து கொடுப்பதும் அவள்தான்.

"மாத்துன்னா?"

உண்ணாமலை கீரையைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இது தெரியாதா உங்களுக்கு? தூரமானா நம்ம துணியக் கட்டக்கூடாது. வெளுத்த துணி அவ கொண்டாந்து குடுப்பா. மூணு நாள் கழிச்சு அவளே எடுத்துட்டுப் போயிருவா."

"அவ எங்கேர்ந்து கொண்டாருவா?"

"வெளுக்கப் போட்ட துணியில யாருதாவது ஒண்ணு. முன்னெல்லாம் தனியா நாலஞ்சு வெச்சிருந்தா. இப்பத்தான் யுத்தம்னு துணிக்குக் கண்ட்ரோலு, முழத்துணி கெடைக்கலியே, அவளும் என்னதான் செய்வா? யாருதுன்னு யாரும் கேக்கறதில்ல. நம்ம பொடவை எந்த வூட்டுல இருந்துட்டு வருதோ!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊருல எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். எந்த ஆம்பளைக்கும் தெரியாது போலிருக்கு."

சாமிக்கண்ணு மெதுவாகத் திண்டில் உட்கார்ந்தார். அடுத்த கேள்வி தானாக வந்தது. அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அப்புறம் பல நாள் நினைத்தார். ஆனால் வியாதி யாரை விட்டது?

"பிரசவத்தப்போ?"

"அப்பவும்தான். பொடவை ரெண்டு குடுத்தா. கீழ விரிக்க ஒரு வேட்டி. பழசு, ஆனா நல்லா மெத்துன்னு இருந்துச்சு. புள்ள பொறந்து அதுலதான் கெடந்தான். மூணாம் நாளு எல்லாத்தையும் மூட்டையாக் கட்டி எடுத்துட்டுப் போனா."

குழந்தை பிறந்தது தை எட்டாம் தேதி. மூன்றாம் நாள் என்றால் பத்து. அமிர்தலிங்கம் செத்துக் கிடந்தது பதினோராம் தேதி காலை.

"அந்த வேட்டியில," சாமிக்கண்ணு தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார், "கறுப்பா, பச்சையா, தார் மாதிரி எதாச்சும் பட்டுதா?"

"படாம? பொறந்த புள்ள மொதல்ல போறது காட்டுப்பீ. தார் மாதிரிதான் இருக்கும். ஆஸ்பத்திரியில இத்தனை வருஷம் என்னதான் பாத்தீங்க?"

அவர் ஆஸ்பத்திரியில் மிக்ஸ்சர் கலக்கியிருக்கிறார். பிரசவ அறைக்குள் போனதில்லை. சொந்த வீட்டுப் பிரசவத்தின்போதுகூட வாசலில் நின்று மருத்துவச்சி வெளியே வருவதைத்தான் பார்த்தார். முதலில் அவருக்கு வந்தது சிரிப்பு. அவர் பெண்டாட்டியின் ரத்தத்தை அவரே தைத்து, அரக்கு வைத்து அனுப்பி, உண்ணாமலை மனுஷிதான் என்று கல்கத்தாவில் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். அப்புறம் சப்-ஜெயிலில் மூன்று மாசமாகக் கிடக்கும் பழனிவேல் ஞாபகத்துக்கு வந்தார். சிரிப்பு நின்றது.

மறுநாள் காலையில் ஆற்றுக்குப் போனார். கலியம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று துவைத்துக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் ஐயா ஆற்றுக்குள் செருப்போடு இறங்கி வருவதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த துணியைக் கல்லிலேயே விட்டுவிட்டாள்.

"சரிவுல கழுத மிரண்டுதுங்க. மூட்ட அவுந்து போச்சு. பொறுக்கிக் கட்டிட்டு இங்க வந்து எண்ணுனா, அந்த வேட்டி மட்டும் கொறையுது. இருட்டப் போவுது, காலையில தேடிக்கலாமுன்னு போயிட்டேன். காலையில வந்தா போலீசு நிக்கிது."

"ஏன் சொல்லல, கலியம்மா?"

"என்னைய யாருங்க கேட்டா? எங்க ஆளத்தான் இழுத்துட்டுப் போனாங்க. குறி யாருதுன்னாங்க, சொன்னாரு. திருப்பிக் குடுத்துட்டியான்னாங்க. இல்லன்னு சொல்லியிருந்தா, அப்பத் துணி உங்கிட்டதான இருந்துச்சு, கொன்னவன் நீதானேன்னு கேட்டிருப்பாங்களா மாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க."

கேட்டிருப்பார்கள். சாமிக்கண்ணுவே டீக்கடையில் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"பழனிவேலு ஐயா வூட்டம்மா தெனம் அழுவுது," என்றாள் கலியம்மாள். "அந்த வூட்டுப் பக்கம் துணி எடுக்கப் போவவே காலு கூசுதுங்க. ஆனா வெளிய சொன்னா அத்தினி வூடும் போச்சு. யாரு துணிய யாருக்குக் குடுத்தேன்னு ஆரம்பிச்சா நான் ஊருல இருக்க முடியுமா?"

அங்கேயிருந்து நேரே ஸ்டேஷன். செல்வநாதன் முழுவதையும் கேட்டார். முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கம்பவுண்டர், கல்கத்தாவுலேர்ந்து ரிப்போர்ட் வந்திருக்கு. மனுஷ ரத்தம்னு போட்டிருக்கு. அது பொய்யா?"

"பொய்யில்லீங்க சார். அவங்க சொன்னது நெசம். நாமதான் யாரு ரத்தம்னு கேக்கல."

"தீட்டுத்துணிக் கதையக் கோர்ட்டுல போயிச் சொல்லப் போறியா? ஒன் சம்சாரம் பேர அரியலூர் முழுக்க இழுப்பாங்க. வெளுக்கிறவன் வாக்குமூலம் குடுத்திருக்கான், திருப்பிக் குடுத்துட்டேன்னு. ஒன்னைக் கூப்பிடறது ஒண்ணுக்குத்தான். நீ மூட்டை கட்டினியா, அரக்கு சரியா இருந்துதா. அத்தோட எறங்கிடு. சர்க்கார் உத்தியோகம், பாத்துக்க."

சாமிக்கண்ணு அன்று சாயங்காலம் இதையெல்லாம் உண்ணாமலையிடம் சொன்னார். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "கோர்ட்டு என்னிக்கு?" என்றாள்.

விசாரணை நாளன்று கரி பஸ் வழியில் இரண்டு தரம் நின்றது. அரியலூர் கோர்ட்டில் கூட்டம் ஜன்னல்வரை நின்றது. பழனிவேல் கூண்டில் நின்றார். கன்னம் ஒட்டிப் போய், தாடி வளர்ந்து, ஆளே அடையாளம் தெரியவில்லை. மேஜைமேல் அந்த வேட்டி கிடந்தது. மூன்று வட்டமும் இருந்த இடத்தில் இப்போது மூன்று ஓட்டை. வெட்டி எடுத்து ஊறவைத்திருக்கிறார்கள். நாலாவது கறை மட்டும் முழுசாக இருந்தது.

குழந்தைவேலு வந்து குறி சொன்னான். டாக்டர் வந்து மண்டைக் காயத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு சாமிக்கண்ணு. சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"நீர்தான் இதைக் கட்டி அனுப்பினீரா?"

"ஆமாங்க."

"முத்திரை சரியாக இருந்ததா?"

"இருந்ததுங்க."

"சரி, போகலாம்."

செல்வநாதன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமிக்கண்ணு கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஒண்ணு விட்டுப் போச்சுங்க. அந்த வேட்டியில நான் வட்டம் போடாத கறை ஒண்ணு இருக்கு."

சர்க்கார் வக்கீல் மறுபடி எழுந்தார். மாஜிஸ்திரேட் கையமர்த்தினார். வயசான மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். வேட்டியைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, அந்தக் கறுப்பை உற்றுப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"பொறந்த கொழந்தையோட மொதல் மலங்க. இது கொலை பண்ணினவன் கை தொடச்ச துணி இல்லீங்க. ஒரு பிரசவத்துக்கு விரிச்ச துணி. வெளுக்கப் போட்ட வேட்டியை மாத்தாக் குடுத்திருக்காங்க. ஆத்துக்குக் கொண்டுபோறப்ப மூட்டையிலேர்ந்து விழுந்துடுச்சு."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார்.

"மனித ரத்தம் என்று ரிப்போர்ட் இருக்கிறதே. அப்படியானால் இந்த ரத்தம் யாருடையது?"

சாமிக்கண்ணு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஜன்னலில் எத்தனை தலை! கடைத்தெரு முழுக்க அங்கே இருந்தது. நாளைக்கு இவர்கள் முன்னால் எப்படி நடப்பது? ஒரு மனுஷன் கழுத்து கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்போது தனக்கு வெட்கம் பெரிசாகத் தெரிகிறதே என்று அவருக்கே தன்மேல் ஆத்திரம் வந்தது. அப்போதும் சத்தம் வரவில்லை.

"என்னோடதுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. வாசற்படியில் உண்ணாமலை நின்றாள். இடுப்பில் குழந்தை. முகமெல்லாம் கரிப்புகை, அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கலியம்மாள், கையில் ஒரு மூட்டை.

"ரத்தம் என்னோடதுங்க. அந்தக் கறுப்பு இவனோடது," என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கோர்ட் சேவகன் தடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். மாஜிஸ்திரேட் அவளை உள்ளே வரச் சொன்னார்.

"ஒரு வீட்டுத் துணியை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது உண்டா?" என்று கலியம்மாளைக் கேட்டார்.

"உண்டுங்க, சாமி. நம்பலைன்னா இதப் பாருங்க." அவள் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து அந்த நீலப் புடவை வந்தது. "போன வாரம் இந்தம்மா கட்டியிருந்தது. குறி யாருதுன்னு எங்க ஆளையே கேளுங்க."

குழந்தைவேலுவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் புடவை ஓரத்தைத் திருப்பினான். முகம் வெளிறிப் போயிற்று. பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அசையவில்லை.

"சொல்லு. யாருடைய குறி?"

"சப்-இன்ஸ்பெக்டர் ஐயா வூட்டுக் குறிங்க."

சிரிப்பு ஜன்னலில் ஆரம்பித்துக் கோர்ட் முழுக்கப் பரவியது. செல்வநாதன் சிரிக்கவில்லை. புடவையைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். குறியை வைத்துச் சொல்வதானால் அவர் சம்சாரம் கம்பவுண்டர் வீட்டுக் கொல்லையில் மூன்று நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். பிறகு குழந்தைவேலுவிடம், வேட்டியை நிஜமாகவே திருப்பிக் கொடுத்தாயா என்று இன்னொரு தரம் கேட்டார். இந்தத் தரம் அவன் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான்.

முகாந்திரம் இல்லை என்று பழனிவேலை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவர் உண்ணாமலையின் குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அமிர்தலிங்கம் எப்படிச் செத்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்தச் சரிவில் வழுக்கி விழுந்து கல்லில் மோதினாலும் அப்படிக் காயம் படும் என்று டாக்டர் பிறகு சொன்னார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார்.

கலியம்மாளுக்கு ஐந்தாறு வீடு போயிற்று. துணி மூட்டை மூட்டையாகச் சேர்ந்ததும் எல்லா வீடும் திரும்பி வந்தது. வேறு யார் வெளுப்பார்கள்? சாமிக்கண்ணுவுக்கு மட்டும் வேப்பந்தட்டைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பதினோரு வருஷத்து முக்காலியை விட்டுவிட்டுப் போனார். அங்கே டீக்கடையில் அவருக்குப் புதுக் கதை இருந்தது. முயலும் வரும், நீலப்புடவையும் வரும், வட்டம் போடாத கறையும் வரும். சிறுவாச்சூர்த் துண்டைப் பற்றி மட்டும் அவர் இப்போதெல்லாம் பேசுவதில்லை. ஏன் என்று அவரும் யோசிக்கவில்லை.

ஆடி மாசம், காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், முப்பது முப்பத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மருந்துக்குப் புட்டி கொண்டுவரவில்லை.

"சிறுவாச்சூர்லேர்ந்து வரேங்க. பேரு கிருஷ்ணம்மா. அரியலூர் கோர்ட்டுல கறையப் பத்திச் சொன்ன கம்பவுண்டரு நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா, நான்தான்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரரு துண்டுக்கு வட்டம் போட்டதும் நீங்கதானுங்களா? திருச்சி ஜெயில்ல இருக்காரு. ஆறு வருசம் ஆச்சு."

சாமிக்கண்ணு கையிலிருந்த அளவுக் குவளையைக் கீழே வைத்தார்.

"புள்ள காதுகுத்துக்குக் கெடா வெட்டுனப்ப ரத்தம் பட்ட துண்டுங்க அது. அவரு அன்னிக்கே சொன்னாரு. கோர்ட்டுல ரத்தம்னு மட்டுந்தான் படிச்சாங்க. கெடா ரத்தமா, மனுச ரத்தமான்னு மெட்ராஸ்ல கேட்டீங்களா? அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

அவருக்கு அந்தக் கடிதம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அவருடைய கையெழுத்து. வேறொரு கேஸுக்கு எழுதிய பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரையும் தேதியையும் மாற்றி எழுதியது. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இதில் ரத்தம் உள்ளதா? பதிலும் ஒரே வரியில் வந்தது. உள்ளது. அன்றைக்கு அவருக்கு "எப்படி?" என்று கேட்கத் தோன்றவில்லை.

"கேக்கலம்மா," என்றார்.

திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டையும் செய்யவில்லை. முந்தானையால் முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

"அப்ப இப்பக் கேளுங்க."

கேஸ் முடிந்து அப்பீல் காலமும் தாண்டினால் துணிமணியை எரித்துவிடுவார்கள். அது சாமிக்கண்ணுவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்தத் துண்டு சாம்பலாகி ஐந்து வருஷமாவது இருக்கும். இனி எந்த முயலாலும் சொல்ல முடியாது. அவள் போகிற மாதிரி இல்லை. அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார், பேனாவை மையில் தொட்டார், யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் அவளைப் பார்த்தார்.